ஆடிக்கு அழைக்க வந்தவன்

அத்தியாயம் 7

"அக்கா, உனக்குக் கல்யாணம் ஆனா வூடு வருமா?"

"வரும்."

"அந்த வூட்டுக்கு கேட் இருக்குமா?"

"இருக்கும். பெருசா, பச்சை பெயின்ட் அடிச்சு."

"நான் வந்து நின்னா வாட்ச்மேன் யாரைக் கேட்டுட்டுத் தொறப்பாரு?"

"என்னைக் கேட்டுட்டுத்தான்."

"நீ தொறக்கச் சொல்லுவியா?"

"சொல்லுவேன்டா. ஓடு, மணி அடிச்சிட்டாங்க."

அப்போது அன்புவுக்கு ஏழு வயது. கலைமதிக்குப் பத்து. இருவரும் வளர்ந்த ஆதரவற்றோர் இல்லத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசிய பேச்சு. ஐந்து வயதில் வந்து சேர்ந்த அவன் நாலு நாள் சோறு தொடவில்லை. "நீ ஊட்டிப் பாரு" என்று எட்டு வயதுக் கலைமதியிடம் தட்டைக் கொடுத்தார்கள். அன்று வாங்கிய தட்டை அவள் மனதளவில் இன்னும் கீழே வைக்கவில்லை.

இப்போது அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. வீடும் வந்துவிட்டது. பென்னாகரத்தைத் தாண்டி, ஒகேனக்கல் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற மண் தடத்தில், கடலைக்காட்டை ஒட்டிய ஓட்டு வீடு. அந்த வீட்டுக்கு கேட்டே கிடையாது. ஆடு நுழையும். கோழி நுழையும். பக்கத்து வீட்டுச் செல்லி கூப்பிடாமலே நுழைவாள். யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஆனாலும் இந்த நாலு மாதத்தில் அன்புவை மட்டும் "வா" என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மாதேஷ் தன் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வந்த தருமபுரி மருந்துக்கடையில் அவள் வேலை பார்த்ததும், ஒரு அட்டை தீர்வதற்குள் அவன் அடுத்த அட்டை வாங்க வந்து நின்றதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். தெரியாதது, பெண் பார்க்க மாதேஷின் அம்மா ராமக்கா இல்லத்துக்கு வந்த நாளில் நடந்தது.

அலுவலக அறையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி ராமக்கா கேட்டாள். "கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

 பிறந்தது என்று கேட்டால் ஒருவரும் இல்லைதான்.

"யாரும் இல்லைங்க."

ராமக்கா பெருமூச்சு விட்டாள். "அதுவும் நல்லதுதான். நாளைக்கு வர்றவன் போறவன் தொந்தரவு இருக்காது."

கூடமாட உதவ வந்திருந்த அன்பு டீத் தட்டோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தான். ஒரு சொட்டும் சிந்தாமல் டம்ளர்களை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அந்த ஒரு வார்த்தையால் கல்யாணம் நடந்தது. அந்த ஒரு வார்த்தைக்குள்தான் கலைமதி நாலு மாதமாக அடைபட்டுக் கிடந்தாள்.

* * *

இன்று ஆடி ஒன்று.

காலையிலேயே தெருவில் பிள்ளைகள் தேங்காய்களைத் தரையில் தேய்த்து நார் போக்கிக்கொண்டிருந்தார்கள். மாலையில் அவற்றின் கண்ணைத் திறந்து வெல்லம், எள், அவல், பாசிப்பருப்பு அடைத்து, அழிஞ்சிக் குச்சியில் செருகி, வாசலில் தீ மூட்டிச் சுட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஆடி பிறப்பது அந்தப் புகையில்தான்.

செல்லி குச்சி கேட்டு வந்தாள். குச்சி அவள் வீட்டிலும் இருந்தது.

"என்ன ராமக்கா, ஆடி பொறந்துருச்சு. புது மருமவ இன்னும் இங்கயே இருக்குறா?"

"இருந்தா என்னா? உன்னையா கடிக்கிறா?"

"அதில்லடி. எங்க சம்பந்தி வூட்டுல மூணு நாளு முன்னாடியே சீர்த்தட்டோட வந்து பொண்ணை இட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. ஒப்பட்டுப் போளி மட்டும் ஒரு கூடை. உன் மருமவளுக்குத்தான் வர ஆளு..." செல்லி மீதியை விழுங்கிக்கொண்டு கலைமதியைப் பார்த்துச் சிரித்தாள். "பாவம், அது என்னா பண்ணும்."

கல்யாணமான முதல் ஆடியில் மருமகள் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அம்மா வீட்டிலிருந்து வந்து அழைத்துப் போவார்கள். இல்லத்து கோகிலவாணி மேடத்துக்குக் கலைமதி போன் செய்து பார்த்தாள். "பகல்ல எப்ப வேணா வாம்மா. ராத்திரி தங்க வைக்க எனக்கு அனுமதி இல்ல. பதினெட்டு முடிஞ்சவங்களைத் தங்க வச்சா மேல கேள்வி கேப்பாங்க" என்று அவரும் வருத்தத்தோடுதான் சொன்னார்.

"நாளைக்குக் காலைல காரிமங்கலத்துக்கு அனுப்பப் போறேன்" என்றாள் ராமக்கா. "ராதிகாவுக்குக் கைக்குழந்தை. கறவை மாடு வேற. ஒத்தாசையா இருந்துட்டு ஆவணிக்கு வரட்டும்."

"நாத்தனா வூடு அம்மா வூடு ஆயிருச்சா? நல்ல ஏற்பாடுதான்!"

செல்லி போனதும் ராமக்கா பரண்மேலிருந்து கலைமதியின் பையை இறக்கி வாசற்படி ஓரம் தொப்பென்று வைத்தாள். மெரூன் நிறப் பை. இல்லத்தை விட்டு வெளியேறும்போது ஒவ்வொருவருக்கும் கொடுப்பது. பக்கவாட்டில் வெள்ளை பெயின்டில் பெயர் எழுதியிருக்கும்.

"துணி எடுத்து வச்சுக்கோ."

"சரிங்க அத்தை."

"போகப் பிடிக்கலைன்னா சொல்லிடு."

"அப்படியெல்லாம் இல்லைங்க. உங்க இஷ்டங்க."

ராமக்காவின் முகம் சுருங்கியது. "எல்லாத்துக்கும் எங்க இஷ்டம். எங்க வூடு. உனக்குன்னு ஒண்ணும் இல்ல, அப்படித்தானே?"

கலைமதி பையின் ஜிப்பைத் திறந்தாள். என்ன பதில் சொன்னால் சரி என்று தெரியாதபோது சும்மா இருப்பதுதான் அவள் கற்ற பாடம்.

களி தின்றதும் எழுந்து தன் தட்டைக் கழுவினாள். மூன்று முறை உதறினாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகுதான் வந்து மற்றவர்களின் தட்டுகளை எடுத்தாள். ராமக்கா கதவுக்குப் பின்னால் போய் அந்தத் தட்டை எடுத்து, மற்ற தட்டுகளோடு ஸ்டாண்டில் ணங்கென்று வைத்தாள். மத்தியானம் அது மறுபடியும் கதவுக்குப் பின்னால் போய்விடும். நாலு மாதமாக அந்தத் தட்டு இப்படித்தான் இடம் மாறிக்கொண்டிருந்தது. ஏன் என்று ராமக்காவும் கேட்கவில்லை, கலைமதியும் சொல்லவில்லை.

மாதேஷ் ஓசூரிலிருந்து போன் செய்தான். அங்கே ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிறுதான் வருவான்.

"ஒரு மாசம்தானே கலை. அம்மா மனசு நோகாம போயிட்டு வந்துடு. நான் காரிமங்கலம் வந்து பார்க்கறேன்."

"ம்."

"கோபமா?"

"இல்லைங்க."

"என்னமோ சொல்ல வர்ற. சொல்லு."

"சாப்டீங்களா?"

அவள் சொல்ல வந்தது அது இல்லை. மாதேஷுக்கும் அது தெரியும். ஆனால் அவன் பின்னால் சங்கு ஊதியது. "ஷிப்ட்டு, வச்சிடறேன்" என்றான்.

இல்லத்தில் கேட் எப்போதும் பூட்டியிருக்கும். பூட்டைப் பார்த்தாவது, அதற்கு வெளியே ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். இங்கே நாலு திசையும் திறந்து கிடந்தது. எந்தத் திசையிலும் அவள் போகிற இடம் ஒன்றும் இல்லை.

நேற்று அன்பு போனில் கேட்ட கேள்வி மட்டும் புரியாமல் மனதில் சுற்றிக்கொண்டிருந்தது. "அக்கா, உங்க வூட்டுல மொத்தம் எத்தனை பேரு?"

* * *

மத்தியான வெயிலில் மண் தடத்தில் ஒருவன் நடந்து வந்தான். இன் பண்ணிய வெள்ளைச் சட்டை. தோளில் ஒரு பை. இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே ஒரு அட்டைப் பெட்டியைத் தாங்கியிருந்தான்.

கலைமதிக்கு முதலில் அடையாளம் தெரிந்தது நடை. அப்புறம்தான் ஆள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

வாசலில் பயறு புடைத்துக்கொண்டிருந்த ராமக்கா நிமிர்ந்தாள். "யாருப்பா?"

"வணக்கம் மேடம். நான் அன்பு. கலைமதி அக்காவோட தம்பி."

ராமக்காவின் கையிலிருந்த முறம் நின்றது. திரும்பி மருமகளைப் பார்த்தாள். "உனக்கு யாரும் இல்லைன்னுதானே சொன்ன?"

கலைமதி வாயைத் திறந்தாள். அதற்குள் அன்பு முந்திக்கொண்டான்.

"கூட வளந்த தம்பிங்க மேடம்" என்றான் அன்பு அவசரமாக. "இல்லத்துலருந்து வர்றேன்ங்க. ஆடிக்கு அக்காவை அழைக்க யாராச்சும் வரணுமாமே, அதுக்கோசரம் வந்தேன்."

சேதி மோப்பம் பிடித்து செல்லி வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். அன்பு அவளுக்கும் ஒரு வணக்கம் வைத்தான்.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா? சாப்பாடெல்லாம் நல்லா இருக்கா? உடம்புக்கு எதுவும் இல்லையே?"

செல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னா ராமக்கா, கலெக்டரு மாதிரி விசாரிக்கிறான்!"

கலைமதிக்கு மட்டும் அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தவை என்று தெரியும். இல்லத்துக்கு விருந்தாளி என்று வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் கேட்பார்கள். பிறந்தநாள், நினைவுநாள் என்று காரில் வருகிறவர்கள். முன்னாலேயே போன் செய்து எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிக்கை கேட்பார்கள். கேக் கொண்டு வருவார்கள். நிற்க வைத்துப் போட்டோ எடுப்பார்கள். அன்பு தன் வாழ்நாளில் பார்த்த விருந்தாளிகள் அவர்கள்தான்.

அவன் பெட்டியைத் திறந்தான். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு பேக்கரி கேக். ஒரு பக்கம் நசுங்கி, மேலே 'அக்கா' என்று எழுதிய க்ரீம் வழிந்திருந்தது. பையிலிருந்து ஐந்து பிஸ்கட் பாக்கெட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தான்.

"நாலு பேருன்னு அக்கா சொன்னாங்க. ஒண்ணு சேத்தே வாங்கிட்டேன்."

"யாருக்குப் பொறந்தநாளு?" என்றாள் ராமக்கா.

"யாருக்கும் இல்லைங்க."

"அப்புறம் கேக்கு எதுக்கு?"

அன்பு திகைத்தான். "ஒருத்தர் வூட்டுக்கு வந்தா... கொண்டு வருவாங்கல்ல மேடம்?"

"ஆடிச்சீருக்குக் கேக்கு!" செல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஒப்பட்டு, தேங்கா, பழம், வெத்தலை பாக்கு ஒண்ணையும் காணோம். முட்டை போட்டதாடா தம்பி? நோம்பு நாளுன்னு பார்த்து வாசல்ல முட்டையைக் கொண்டாந்து வச்சிருக்கியே!"

அன்புவின் காது சிவந்தது. கலைமதிக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவனுக்காகவா, தனக்காகவா என்று தெரியவில்லை.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த மாமனார் தீர்த்தன் எழுந்து வந்தார். அதிகம் பேசாத மனிதர். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "எனக்கு ஒரு துண்டு வெட்டு."

"சக்கரையை வச்சுக்கிட்டுக் கேக்கு ஒண்ணுதான் குறைச்சல்!" என்று ராமக்கா சீறினாள்.

"மாத்திரை குடுத்த புள்ளையோட தம்பி கொண்டாந்தது. ஒண்ணும் ஆவாது." ஒரு விரலால் க்ரீமைத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டார். "அப்புறம் தம்பி, மேடம் கீடமெல்லாம் இங்க யாரும் இல்ல. அக்காவுக்கு அத்தைன்னா உனக்கும் அத்தைதான்."

அன்பு தலையாட்டினான். ஆனால் ராமக்காவைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ராமக்காவும் அதற்காகக் காத்திருப்பவளாகத் தெரியவில்லை.

"வந்ததுக்கு சோறு தின்னுட்டுப் போவட்டும்" என்று கலைமதியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வந்ததுக்கு. தின்னுட்டு. போவட்டும். மூன்று வார்த்தையும் மூன்று தாழ்ப்பாள் மாதிரி விழுந்தன.

* * *

கூடத்தில் சோறு போட்டார்கள். கொள்ளுக் குழம்பு, முருங்கைக்கீரை. கலைமதி ஸ்டாண்டிலிருந்து ஒரு தட்டை எடுக்கத் திரும்பினாள்.

அதற்குள் அன்பு தன் பையின் ஜிப்பைத் திறந்து, ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டான்.

ராமக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "ஏன், எங்க வூட்டுத் தட்டுல சோறு எறங்காதா?"

"ஐயோ, அப்படி இல்லைங்க. பழக்கம்ங்க."

 ராமக்காவுக்கு வந்த கோபம் வேறு. கலைமதிக்கு வந்த பயம் வேறு. ஒரு நாள் விருந்துக்கு வருகிறவன் தட்டு எடுத்து வர மாட்டான். திறந்த ஜிப்பின் வழியே போர்வை தெரிந்தது. அதன் அடியில் மடித்த கைலி, சோப்பு டப்பா. அது பிஸ்கட் கொண்டு வந்த பை இல்லை. அவன் கொண்டு வந்திருப்பது தன்னிடம் இருக்கிற மொத்தத்தையும்.

அன்பு தின்றான். இடது கையைத் தட்டைச் சுற்றி வளைத்து வைத்துக்கொண்டு, குனிந்து, வேகவேகமாக. "மெதுவா தின்னு, யாரும் புடுங்கலை" என்றார் தீர்த்தன். அவன் கையை எடுத்தான். இரண்டு வாய்க்கு அப்புறம் கை தானாகப் பழைய இடத்துக்கு வந்தது.

தின்று முடித்ததும் யாரும் சொல்லாமலே எழுந்து புழக்கடைக்குப் போனான். தட்டைக் கழுவினான். மூன்று முறை உதறினான். வைக்க இடம் தேடினான். அடுப்படிக் கதவுக்குப் பின்னால், கலைமதியின் தட்டுக்குப் பக்கத்தில், அதே சாய்வில் சாய்த்து வைத்தான்.

ராமக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவன் கை துடைக்கப் போனதும் கதவுக்குப் பின்னால் குனிந்து இரண்டு தட்டையும் எடுத்துப் பார்த்தாள். விளிம்புக்கு அடியில் ஆணியால் அடித்த எண்கள். ஒன்றில் 31. மற்றதில் 46.

"தம்பி, இது என்னா நம்பரு?"

"என் நம்பருங்க. அக்காவோடது முப்பத்தி ஒண்ணு."

"தட்டுக்கு எதுக்கு நம்பரு?"

"மாறிடக் கூடாதுல்லங்க. கழுவாம வச்சா, அந்த நம்பருக்கு அடுத்த வேளை சோறு கடைசியிலதான். மத்தவங்க தட்டோட கலந்து வச்சாலும் திட்டு விழும்." அவன் சிரித்தான். "அக்கா ஒரு நாள்கூடத் திட்டு வாங்கினதில்லைங்க."

ராமக்கா அந்த எண்களை விரலால் தடவினாள். இரண்டு தட்டையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

* * *

புழக்கடையில் மாட்டுத் தொட்டியருகில் கலைமதி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போர்வை எதுக்குடா கொண்டாந்த?"

"சும்மாக்கா."

"அன்பு."

அவன் காலால் மண்ணைக் கிளறினான். "ஒரு வாரம் காய்ச்சல். வேலை பாக்குற கடைக்குப் போக முடியல. வேற ஆள் வச்சிட்டாங்க. படுக்கை அந்தக் கடை மாடியிலதானே. புது ஆளு வந்ததும்..."

"இப்ப எங்க தங்குற?"

"பஸ் ஸ்டாண்டுல. ரெண்டு நாளாத்தான். ஒண்ணும் பயமில்ல, லைட்டெல்லாம் எரியும்."

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? யாரும் இல்லைன்னு நீ சொல்லிட்ட. அப்புறம் நான் போன் பண்ணி அழுதா, யாருன்னு கேப்பாங்கல்ல?"

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. கணக்கு சொல்லிக் கொடுப்பது போல் சொன்னான். அதுதான் அவளைக் கொன்றது.

"தப்பா சொல்லலக்கா. நீ அப்படிச் சொன்னதாலதான் கல்யாணம் நடந்துச்சு. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"என்னைக் கூப்பிட வந்தேன்னு சொன்னியே, எங்க கூட்டிட்டுப் போவ? பஸ் ஸ்டாண்டுக்கா?"

"எங்கயும் இல்ல. நீ வரலைன்னு சொல்லிடுவன்னு தெரியும். கூப்பிட ஒரு ஆள் வந்துச்சுன்னு இந்த ஊர் பார்த்தா போதும்னு நெனச்சேன். கேக்குதான் கெடுத்துருச்சு." அவன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான். "ஒப்பட்டு வாங்கணும்னு யாரும் சொல்லலியே."

கலைமதிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இருடா. அத்தைகிட்ட கேக்கறேன்."

"வேணாக்கா." அவன் முகம் மாறியது. "கேக்காத. முடியாதுன்னுட்டா எனக்கு ஒண்ணும் இல்ல, பழகிடுச்சு. உனக்குத்தான் அப்புறம் இந்த வூட்டுல நிக்க முடியாது. கடைசி பஸ்ல நான் போயிடறேன்."

அவன் சொன்னது சரி. அதனால்தான் நாலு மாதமாக அவளும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொன்னவள் ஆவாள். கேட்காவிட்டால் இவன் பஸ் ஸ்டாண்டில் படுப்பான்.

* * *

பொழுது சாயும்போது தெருவெல்லாம் தீ எரிந்தது. வெல்லம் கருகும் வாசனை. தீர்த்தன் தென்னை மட்டையைப் போட்டு வாசலில் நெருப்பு வளர்த்திருந்தார். மஞ்சள் பூசிய தேங்காய்கள் குச்சியில் திரும்பிக்கொண்டிருந்தன.

"புடி" என்று ஒரு குச்சியை அன்புவிடம் நீட்டினார். "ஒரே பக்கமா காட்டாத. சுத்திக்கிட்டே இரு."

அன்பு இரண்டு கையாலும் பிடித்தான். முகம் தீயில் மினுங்கியது. அவனுக்குப் பத்தொன்பது வயது என்று அந்த நேரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

செல்லி தன் வீட்டுத் தீயின் முன்னாலிருந்து குரல் கொடுத்தாள். "என்னா ராமக்கா, சம்பந்தி வூட்டு ஆளுக்குத் தேங்கா சுட்டுக் குடுக்குறியா? அந்தத் தம்பிக்காவது நம்ம தட்டுல சோறு போட்டியா, இல்ல அதுக்கும் தனித் தட்டுதானா?"

ராமக்கா விருட்டென்று எழுந்தாள். கலைமதி பதறினாள். ஆனால் ராமக்கா திரும்பியது செல்லியின் பக்கம் இல்லை, இவள் பக்கம்.

"கேட்டியா? நாலு மாசமா ஊர்ல இதுதான் பேச்சு. அனாதைப் புள்ளைக்கு ராமக்கா தனித் தட்டு வச்சிருக்கா, ஒதுக்கி வச்சுச் சோறு போடறான்னு. கெணத்தடியில, ரேஷன் கடையில, எங்க போனாலும். நான் எடுத்து எடுத்து உள்ள வைக்கிறேன், நீ எடுத்து எடுத்து வெளிய வைக்கிற. எங்களோட சேர உனக்குத்தான் இஷ்டம் இல்லைன்னு நெனச்சுட்டேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலைங்க அத்தை."

"நான் கேக்கலைன்னா? நீயா எதுவும் பேச மாட்டியா? நாளைக்குப் பசிச்சாக்கூட நான் கேட்டாத்தான் சொல்லுவியா?"

கலைமதி தலை குனிந்தாள். ஆமாம் என்பதுதான் உண்மை.

தூரத்தில், ஒகேனக்கல் சாலையின் திருப்பத்தில், பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தருமபுரி போகிற கடைசி பஸ். இந்தத் தடத்துக்கு அது வந்து நிற்பதற்குள் நடந்து போய்ச் சேர்ந்துவிடலாம்.

அன்பு தன் தேங்காயைத் தீர்த்தனிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். "நான் கிளம்பறேன்ங்க."

"தேங்கா வெந்துடும் தம்பி. சாமிக்கு உடைச்சிட்டுப் போயேன்."

"பஸ் போயிடும்ங்க."

வாசற்படியில் இரண்டு மெரூன் பைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் கலைமதி என்று வெள்ளை பெயின்டில் எழுதியிருந்தது. மற்றதில் அன்பு. இரண்டும் ஒரே கையெழுத்து. ஒன்று நாளை காலை போக வேண்டியது. மற்றது இப்போதே.

அவன் குனிந்து தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். ஞாபகம் வந்து அடுப்படிப் பக்கம் திரும்பினான். "என் தட்டு..."

"உள்ளதான் இருக்கு" என்றாள் ராமக்கா. "ஸ்டாண்டுல."

அவள் எடுத்து வந்து கொடுக்கவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே நின்று மருமகளைப் பார்த்தாள். எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. இல்லை, கோபமாகவும் இருக்கலாம். தீ வெளிச்சத்தில் ஒன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை.

ஹாரன் மறுபடி கேட்டது. இன்னும் கிட்டத்தில்.

அன்பு அக்காவைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தான். வேண்டாம் என்று.

கலைமதி நடந்து போய் அவன் தோளிலிருந்த பையின் வாரைப் பிடித்தாள்.  அடுத்த வீட்டுத் தீயின் முன்னால் செல்லி எழுந்து நின்று பார்ப்பது தெரிந்தது. பார்க்கட்டும்.

"அத்தை, அன்னைக்கு நீங்க கேட்டப்போ யாரும் இல்லைன்னு சொன்னேன். அது பொய்ங்க. இவன் இருந்தான். கதவுக்கிட்ட நின்னு கேட்டுக்கிட்டே இருந்தான்."  நிறுத்தினால் இனி ஒருபோதும் சொல்ல வராது என்று தெரிந்தது. "அஞ்சு வயசுலருந்து நான் சோறு ஊட்டி வளத்த தம்பிங்க. படுக்க இவனுக்கு இடம் இல்ல. என்னை ஆடிக்கு எங்க வேணா அனுப்புங்க, போறேன். இவனை அனுப்பாதீங்க. அன்பு நம்ம வூட்டுலயே இருக்கட்டும் அத்தை."